பாட்டு வழியே ஸ்பானிஷ்: குளச்சல் நண்பருக்கு என் பதில்

கொலம்பியாவின் கார்த்தஹேனா துறைமுகத்துக்குச் சரக்குக் கப்பலில் செல்லவிருக்கும் குளச்சல் நண்பர், பாட்டுக் கேட்டே ஸ்பானிஷ் கற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறார். நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே பேருந்தில் போய்வரும் நேரமெல்லாம் சில ஆண்டுகளாக அப்படித்தான் நான் கற்றுவருகிறேன்.

பலரைப் போல என்னையும் இழுத்தது 2017இல் வெளியான 'டெஸ்பசிட்டோ' என்ற ஸ்பானிஷ் பாடல்தான். அங்கிருந்து, துள்ளல் தாளமும் ராப்பும் கலந்த கரீபியன் பாட்டு வகையான ரெகேட்டனுக்குள் நுழைந்ததும் தொடங்கிய எரிச்சல் இன்றும் தீரவில்லை. பாடகர்கள் சொல்லிறுதி 'ஸ்' ஒலியை விழுங்கிவிடுகிறார்கள். தமிழைப் போலவே ஸ்பானிஷிலும் எழுவாயைச் சொல்லாமல் விடலாம். வந்தது நீயா, அவனா என்பதை வினைமுற்றின் விகுதியே காட்டிவிடும். 'இருக்கிறாய்' என்றால் 'எஸ்தாஸ்', 'இருக்கிறான்' என்றால் 'எஸ்தா'. புவேர்ட்டோ ரிக்கோ பாடகரின் வாயிலோ இரண்டும் 'எஹ்தா' என்றே ஒலிக்கின்றன. பாடல் வரிகள் கண்முன் இருக்கும்வரை புரிகிறது. திரையை அணைத்ததும் யாரைப் பற்றிய பாட்டு என்பதே பிடிபடுவதில்லை. கரீபியன் மக்களின் இயல்பான பேச்சே அதுதான் என்று தெரிந்தும் மனம் சமாதானமடைய மறுக்கிறது. டொமினிக்கன் குடியரசின் காதற்பாட்டு வகையான பச்சாட்டாவிலும் இதே கதைதான்.

பொலேரோவுக்கு வந்தபிறகே காது தெளிந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கியூபாவின் சாந்தியாகோ நகரில் பிறந்து மெக்சிகோவில் செழித்த இந்தக் காதற்பாட்டில், மெக்சிகோ பாடகர்கள் ஒவ்வோர் அசையையும் நிறுத்தி, விகுதி சிதையாமல் பாடுகிறார்கள். வேண்டுதலும் ஏக்கமுமே பாடுபொருள் என்பதால், இலக்கணப் புத்தகத்தில் திணறடிக்கும் விழைவு வினைவடிவங்கள் தாமாகவே நாவில் படிந்தன. மெக்சிகோவின் மரபுப் பாட்டு வகையான ராஞ்செராவில் அழுத்தி உருட்டப்படும் றகரம் எனக்குத் தனி மகிழ்ச்சி. கரையையும் கறையையும் பிரித்துச் சொல்லும் குமரி நாவுக்கு அது எளிதில் வசப்படுகிறது.

ஆனால் சுங்கம், சரக்கு, கூலி, புறப்படும் நேரம் எதுவும் காதற்பாட்டில் வருவதில்லை. ஆகவே பாட்டை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். முதலில் ஓர் ஆசிரியரிடம் வினைவடிவங்களைப் படித்துக்கொள்ளுங்கள். அதன்பின், நான் இவ்வளவு புகழ்ந்த பொலேரோவை ஒதுக்கிவிட்டு ரெகேட்டனையே கேளுங்கள். கார்த்தஹேனா கரீபியன் கரையில் இருக்கிறது; துறைமுகத் தொழிலாளர்களும் அந்த 'ஸ்' ஒலியை விழுங்கித்தான் பேசுவார்கள்.