பச்சை அட்டையும் உள்ளே தைத்த லேபிளும்

பிரித்துத் தைப்பதுதான் என் பிழைப்பு. மற்றவர்கள் வாங்கி வரும் ஆயத்த ஆடைகளில் இடுப்பைக் குறைப்பேன், லைனிங் மாற்றுவேன், கிழிசலுக்கு ஒட்டுப் போடுவேன். அதனால் ஒரு நிறுவனம் ‘பூமிக்கு இதமான ஆடை’ என்று சொல்லிக்கொண்டால், வெளியே தொங்கும் பச்சை அட்டையை நான் நம்புவதில்லை. விலாத் தையலுக்குள் செருகித் தைத்திருக்கும் சின்ன லேபிளைத்தான் புரட்டுவேன். அப்படிப்பட்ட நிறுவனம் ஒன்றின் உடைகளைப் பற்றியது இந்த மதிப்புரை. பெயர் வேண்டாம், இதே கதையைச் சொல்லும் நிறுவனங்கள் பல.

முதலில் சட்டை. நூறு சதவீதம் ஆர்கானிக் பருத்தி என்கிறது லேபிள். கூடவே ‘காட்ஸ்’ (GOTS) என்ற, ஆர்கானிக் துணிகளுக்கான உலகத் தரச்சான்றின் முத்திரை, சான்றளித்த அமைப்பின் பெயர், உரிம எண். இந்த எண்தான் முக்கியம். பொதுத் தரவுத்தளத்தில் தட்டிப் பார்த்துவிடலாம். முத்திரையிலும் இரண்டு தரம் உண்டு: ‘ஆர்கானிக்’ என்று மட்டும் போட்டால் குறைந்தது 95% ஆர்கானிக் நார் இருக்க வேண்டும், ‘ஆர்கானிக் கொண்டு செய்தது’ என்றால் 70% போதும். இந்தச் சட்டை முதல் ரகம். துணி நெருக்கமான நெசவு, மடிப்புகளில் தாராளமாகத் துணி விட்டிருக்கிறார்கள். பெரிதாக்கித் தர முடிகிற சட்டை இப்போது அபூர்வம்.

ஆனால் அட்டையில் ‘மண்ணில் முழுதாக மக்கும்’ என்று ஒரு வரி. ஓரத்தில் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டினேன். பருத்தி இழை காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். இது சுருண்டு, உருகி, கறுத்த கெட்டி மணியாக நின்றது. தையல் நூல் மக்காத பாலியெஸ்டர். நூலை இழைச் சதவீதத்தில் கணக்கெடுப்பதில்லை என்பதால் லேபிள் பொய் சொல்லவில்லை, அட்டைதான் சொல்கிறது.

கால்சட்டைக்கு வந்தால் என் பொறுமை குறைகிறது. 62% பருத்தி, 35% மறுசுழற்சி பாலியெஸ்டர், 3% எலாஸ்டேன் (இழுத்தால் நீளும் இழை). ‘பாட்டில்களுக்கு மறுவாழ்வு’ என்று பெருமை வேறு. பாட்டில் மறுபடி பாட்டிலாகலாம், அதற்குப் பிறகும் ஆகலாம். பருத்தியோடு முறுக்கி நூற்றுவிட்டால் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடுகிறது, ஏனென்றால் கலப்பு நாரைப் பிரிப்பது கடினம். அந்த மூன்று சதவீத எலாஸ்டேனே மறுசுழற்சி இயந்திரங்களுக்குத் தலைவலி. உட்காரும் இடத்தில் அது அறுந்து, வெள்ளை நுனிகள் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டு என் மேசைக்கு வரும் கால்சட்டைகளுக்குக் கணக்கில்லை. ஒட்டுப் போடலாம், இழுவையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. துவைக்கும்போது நுண்ணிய பிளாஸ்டிக் இழை உதிர்வதில் மறுசுழற்சி பாலியெஸ்டரும் புதியதைப் போலத்தான்.

‘மூங்கில்’ பாவாடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்லேபிள் விஸ்கோஸ் என்கிறது. மூங்கில் கூழானாலும் மரக்கூழானாலும், விஸ்கோஸ் ஆக்க கார்பன் டைசல்பைடு என்ற நச்சு வேதிப்பொருள் வேண்டும். லயோசெல் (அதுவும் கூழிலிருந்து வரும் இழைதான்) என்று போட்டிருந்தால் பேச்சே வேறு. அதில் கரைப்பானை மீட்டு, திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள்.

உடைகளைவிட எனக்கு அதிகம் சொன்னது அவர்களுடைய விற்பனைப் பட்டியல்தான். ‘பூமிக்கு இதமான’ பச்சைத் தொகுப்பை விட்டு வெளியே வந்து மற்ற உடைகளின் இழை விவரத்தை ஒவ்வொன்றாகத் திறந்தால் பாலியெஸ்டர், அக்ரிலிக், மறுபடியும் பாலியெஸ்டர். பட்டியலின் மூலையில் இருக்கும் அந்தத் தொகுப்பு விளம்பரத்தில் முன்னால் நிற்கிறது, பெரும்பகுதிச் சரக்கு பின்னால் ஒளிந்துகொள்கிறது. மொத்த விற்பனையில் எடைவாரியாக எந்த இழை எவ்வளவு என்று எழுதிக் கேட்டேன். ‘நிலைத்தன்மை எங்கள் பயணம்’ என்று பதில் வந்தது. எண் வரவில்லை.

லேபிளை வைத்தே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடலாம் என்று சொல்லவில்லை. சாயப்பட்டறைக் கழிவுநீர் எங்கே போனது, தைத்தவருக்கு என்ன கூலி, விற்காத சரக்கை என்ன செய்தார்கள் என்பதெல்லாம் அதில் வராது. பருத்தி என்றாலே புனிதமும் இல்லை. தண்ணீரும் பூச்சிமருந்தும் குடித்து வளரும் பயிர் அது. ஆண்டுக்கணக்கில் உழைக்கும் நைலான் மழைக்கோட்டு, சில துவைப்பில் கோணிப்போகும் ஆர்கானிக் பனியனைவிட மேல் என்பேன். ஆனாலும் இழைச் சதவீதம் வாங்குபவர் கையில் இருக்கும் எளிய சோதனை. அதிலேயே தோற்கிற நிறுவனத்தின் மற்ற வாக்குறுதிகளைப் படித்து நேரத்தை வீணாக்க நான் தயாரில்லை.

சட்டையை வாங்கலாம், நாலு மதிப்பெண். கால்சட்டைக்கு ஒன்று, அதுவும் நேர்த்தியான பொத்தான் துளைகளுக்காக. பாவாடை நல்ல பாவாடைதான். ‘விஸ்கோஸ்’ என்றே எழுதி விற்றிருந்தால் மூன்று கொடுத்திருப்பேன்.