தலை தீபாவளி: அல்சூரா, சிங்கப்பூரா?

இந்த ஆண்டுத் தலை தீபாவளிக்கு எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. சிங்கப்பூரில் இருக்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் பெங்களூருக்கு வரலாம். நானும் என் வீட்டுக்காரரும் அங்கே போகலாம். இரண்டும் வேண்டாமென்றால், அவர்கள் அங்கேயே தனியாகக் கொண்டாட, நாங்கள் பெங்களூரின் தமிழர் பகுதியான அல்சூரில் உட்கார்ந்து போனில் "கங்கா ஸ்நானம் ஆயிற்றா?" என்று கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் ஆளுக்கொரு கட்சி. என் வீட்டுக்காரருக்கு நாம் போவதுதான் சரி. ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசையைப் பெண் பாசம் என்று சொல்லிக்கொள்கிறார். பெண்ணுக்கு இங்கே வர ஆசை, ஆனால் வாய் திறந்து சொல்வதில்லை. மாப்பிள்ளை, "உங்கள் விருப்பம்போல் செய்யலாம், அத்தை" என்கிறார். இப்படிச் சொல்பவரை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. வெளிநாட்டில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீடுகளில் ஐப்பசி நெருங்க நெருங்க இதே பஞ்சாயத்துதான் நடக்கும் என்பதால், எங்கள் வீட்டுக் கணக்கை இங்கே விரித்து வைக்கிறேன்.

முதலில் நாள்காட்டி. 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பண்டிகை ஞாயிறில் விழுந்தால் நம் ஊரில் எல்லோருக்கும் முகம் வாடிவிடும், ஒரு விடுமுறை போயிற்றே என்று. சிங்கப்பூரில் பொது விடுமுறை ஞாயிறில் வந்தால் மறுநாள் திங்கட்கிழமை விடுமுறை. ஆக சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கிறது. இங்கே கர்நாடகத்தில் ஞாயிறு நரகசதுர்த்தசி, செவ்வாய் பலிபாட்யமி, இரண்டும் விடுமுறை. நடுவில் திங்கட்கிழமை அலுவலகம் போக வேண்டியவர்கள் புலம்பிக்கொண்டே போவார்கள்.

அடுத்தது லீவு. அங்கே சட்டப்படி முதல் ஆண்டு ஊழியருக்குக் குறைந்தபட்சம் 7 நாள்தான் ஆண்டு விடுப்பு. அதுவும் மூன்று மாதம் வேலை பார்த்த பிறகே. நிறுவனங்கள் கூடுதலாகக் கொடுப்பதுண்டு. ஆனாலும் கல்யாணத்தை ஒட்டி வேலை மாறிய எங்கள் மாப்பிள்ளை போன்றவர்கள் ஒவ்வொரு நாளையும் எண்ணி எண்ணித்தான் செலவழிக்க வேண்டும்.

அவர்கள் இங்கே வருவது

நேரடி விமானத்தில் ஏறத்தாழ நாலரை மணி நேரம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுவதால், வரும்போது அந்த இரண்டரை மணி நேரம் லாபம். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகம் முடித்துக் கிளம்பினால் நள்ளிரவுக்குள் தேவனஹள்ளி விமான நிலையத்தில் இறங்கிவிடலாம். திங்கள் இரவு விமானம் ஏறினால் செவ்வாய் காலை அங்கே அலுவலகத்தில் இருக்கலாம், கண்ணில் தூக்கத்தோடு. காகிதத்தில் பார்த்தால் ஒரு நாள்கூட லீவு தேவையில்லை.

காகிதத்தில் இல்லாத விஷயம் மதுரை. மாப்பிள்ளை வீடு அங்கே. பெங்களூர் வரை வந்துவிட்டு மதுரைக்குப் போகாமல் திரும்பினால் அந்த வருத்தம் இரண்டு தலைமுறைக்குப் பேசப்படும். போனாலோ, பண்டிகையின் பாதி ரயிலில் கழியும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது (2024 நவம்பர் வரை 120 நாள்). திறந்த சில நிமிடங்களில் தீபாவளி டிக்கெட் என்ன ஆகும் என்பதைப் பெங்களூர்த் தமிழருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓசூர் சாலையில் தீபாவளிக்கு முந்தைய இரவு காரில் போனவர்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு ஒரு வழி உண்டு: சம்பந்திகளை இங்கே அழைத்துவிடுவது. தலை தீபாவளிக்குச் சம்பந்தி வீட்டாரையும் சேர்த்து அழைப்பது பல குடும்பங்களில் வழக்கம்தானே! 2024 ஆகஸ்டு 31இல் தொடங்கிய மதுரை வந்தே பாரத் ரயிலில் விடியற்காலை ஏறினால் மதியம் பெங்களூர் கண்டோன்மெண்ட் நிலையத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து எங்கள் வீடு ஆட்டோ தூரம். இரண்டு பேர் விமானத்திலிருந்து இறங்கி மறுபடியும் அலைவதைவிட, இரண்டு பேர் ஒரே ரயிலில் உட்கார்ந்து வருவது எளிது. மரியாதைக்குக் குறைவு என்று அவர்கள் நினைத்துவிடாமல் அழைக்க வேண்டும். அது பேசுபவரின் கைப்பக்குவம்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பண்டிகை வாரத்தில் விமானக் கட்டணம் ஏறித்தான் இருக்கும். மாப்பிள்ளைக்கு டிக்கெட்டை நாம் எடுப்பதா, அவரே எடுப்பதா என்பது அதைவிடப் பெரிய சிக்கல். நாம் எடுத்தால் அவருக்குச் சங்கடம், எடுக்காவிட்டால் நமக்குச் சங்கடம். மோதிரத்துக்கு ஒதுக்கிய பணத்திலிருந்து டிக்கெட் எடுக்கலாம் என்று என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். அதை அப்போதே தள்ளுபடி செய்துவிட்டேன்.

பட்டாசு விஷயத்தில் பெங்களூருக்கு நாம் நினைக்கும் அளவு மதிப்பெண் கிடையாது. 2018இல் உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரை என்று வைத்ததுதான் இங்கே நடைமுறை. அதுவும் பசுமைப் பட்டாசு மட்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு விடியற்காலையில் ஒரு மணி நேரம் கிடைத்தது. நாம் எல்லையைத் தாண்டி வந்து குடியேறியவர்கள், கன்னடக்காரர்களோடு சேர்ந்து ராத்திரிதான் கொளுத்த வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் புதுத்துணியோடு வாசலில் நிற்கும் மாப்பிள்ளையிடம் "சாயங்காலம் எட்டு வரை பொறுங்கள்" என்பதா?

நாங்கள் அங்கே போவது

இதில் உள்ள பெரிய லாபத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். பெண் குடியிருக்கும் வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. வீடியோவில் அவள் காட்டும் அடுப்பங்கரையின் ஒரு மூலை மட்டும் எனக்குப் பழக்கம். அரிசி டப்பா எங்கே, பூஜை அலமாரி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்பதெல்லாம் ஒரு தாய்க்கு நேரில் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

ஊரும் அந்நியமானது இல்லை. தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. தீபாவளிக்குப் பல வாரங்கள் முன்பே லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலை முழுக்க விளக்கலங்காரம் வந்துவிடும். தேக்கா சந்தையில் வாழையிலை, வெற்றிலை, மாவிலை எல்லாம் கிடைக்கிறது. 1947 முதல் நடக்கும் கோமள விலாஸில் தோசை சாப்பிட்டுவிட்டு நடந்தே வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கும் போய்வரலாம். ஒரு வாரம் முன்னதாகப் போனால் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் தீமிதியையும் பார்க்கலாம். அல்சூர்க்காரர்களான எங்களுக்கு அங்கே பத்து நிமிடத்தில் கால் பழகிவிடும்.

விசா பெரிய தடையில்லை. விண்ணப்பக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், முகவர் கட்டணம் தனி. போவதற்கு மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், அதற்குப் பணம் கேட்கும் தளங்களிடம் ஏமாந்துவிடக் கூடாது.

பிரச்சினை அடுப்பில். புதிதாகக் குடித்தனம் போட்டவர்கள் பலர் அங்கே முழு வீடு எடுப்பதில்லை. வாடகை அப்படி. ஓர் அறையை எடுத்துக்கொண்டு சமையலறையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். "எளிய சமையல் மட்டும்" என்ற நிபந்தனையோடு வீடு விடுபவர்கள் உண்டு. எளிய சமையலில் முறுக்கு வராது. முழு வீடு கிடைத்தாலும் அடுக்குமாடிச் சமையலறையின் அமைப்பைப் பாருங்கள்: அடுப்புக்கு ஓரெட்டுத் தள்ளி ஜன்னல், அந்த ஜன்னலுக்கு வெளியிலோ மேலேயோ துணி காயப்போடும் கழிகள். நீங்கள் வாணலியில் நான்கு ஈடு தேன்குழல் எடுப்பதற்குள் காய்கிற சட்டையெல்லாம் எண்ணெய் வாசம் அடிக்கும். அங்கே போய்ப் பெண்ணை உட்காரவைத்து நான் பலகாரம் செய்ய முடியாது. கடையில் வாங்கித்தான் வைக்க வேண்டும். அப்புறம் அவள் எங்களுக்காக அறை ஒதுக்கி, மெத்தை விரித்து, மெட்ரோ வழி சொல்லி, உபசரித்துக்கொண்டிருப்பாள். தலை தீபாவளியில் உபசாரம் யாருக்கு நடக்க வேண்டும்? இந்த வழியில் அது தலைகீழாகிவிடுகிறது. என் முக்கியமான ஆட்சேபம் இதுதான்.

நவம்பரை விட்டு டிசம்பரில் போகலாமே என்பார்கள். ஆர்ச்சர்ட் சாலையின் கிறிஸ்துமஸ் விளக்குகள் அழகுதான். ஆனால் அங்கே டிசம்பர்தான் மழை அதிகமான மாதம். இரண்டு நாட்டிலும் பள்ளி விடுமுறை, கட்டணமும் உச்சத்தில். மார்ச்சில் போனால் அதே ஊர், பாதிக் கூட்டம்.

அவர்கள் தனியாகக் கொண்டாடுவது

என் வயதுக்காரர்கள் இதை ஒரு வழியாகவே எண்ண மாட்டார்கள். எனக்கு அப்படியில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பெண் சென்ற ஆண்டு சிங்கப்பூரில் இப்படித்தான் கொண்டாடினாள். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்து, ஹீட்டர் தண்ணீரில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, நடைவழியில் சின்னதாக ஒரு கோலம். அங்கே ஆறரை ஆனபோது இங்கே மணி நான்கு. அம்மாவை அவள்தான் எழுப்பினாள். எதிர்வீட்டு மலாய்க்காரப் பாட்டிக்கு ஒரு தட்டு லட்டு கொடுத்தாளாம், அந்தத் தட்டு கேக்கோடு திரும்பி வந்ததாம். மாலையில் கீழே திறந்தவெளியில் கம்பி மத்தாப்பு. வெடிக்கு அங்கே 1972 முதலே தடை. ஊசிப் பட்டாசுகூட நினைத்துப் பார்க்க முடியாது. புருஷனும் பெண்டாட்டியும் யாருக்கும் பதில் சொல்லாமல், இருவர் வீட்டு வழக்கத்தில் எதை எடுப்பது எதை விடுவது என்று தாங்களே தீர்த்துக்கொண்ட நாள் அது. கூட்டுக் குடும்பத்தில் அந்தச் சுதந்திரம் பத்து வருடம் கழித்துத்தான் கிடைக்கும், கிடைத்தால்.

ஆனால் அவளுக்கு அங்கே சொந்த வேலை இருந்தது, தோழிகள் இருந்தார்கள். என் பெண் நிலை வேறு. கணவனைச் சார்ந்த அனுமதியில் போனவர்கள் வேலைக்குச் சேர வேண்டுமென்றால் 2021 மே முதல் தனியாக வேலை அனுமதி பெற வேண்டும். அது கிடைக்கும் வரை பகலெல்லாம் நாலு சுவர்தான். ஆறு மாதமாக அப்படியே இருக்கும் ஒருத்தியிடம் பண்டிகையையும் தனியாகக் கொண்டாடு என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இருவரும் வேலைக்குப் போகும் தம்பதிக்கு இதே வழியை நான் முதலிடத்தில் வைப்பேன்.

என் ஓட்டு

முதல் வழிக்குத்தான், ஒரு திருத்தத்தோடு. பெண் பத்து நாள் முன்னால் வரட்டும், மாப்பிள்ளை வெள்ளி இரவு வரட்டும். லீவுக் கட்டுப்பாடு அவருக்குத்தானே, அவளுக்கு இல்லையே. பிறந்த வீட்டில் பெண் நாலு நாள் தூங்கி எழுந்து, சிக்பேட்டையில் துணி எடுத்து, என்னோடு உட்கார்ந்து லேகியம் கிளறட்டும். சுக்கும் திப்பிலியும் ஓமமும் வெல்லமும் சேர்ந்து நெய் பிரிந்து வரும் பதம் போனில் சொல்லிக்கொடுக்க வராது. மாப்பிள்ளை விருந்தாளியாக வந்து இறங்குவதும் பழைய முறைப்படி அமைந்துவிடுகிறது. அவர் தனியாக இருக்கும் பத்து நாளுக்குச் சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்று மதுரையிலிருந்து கேள்வி வரும். சிராங்கூன் சாலையில் இருப்பவருக்குச் சாப்பாட்டுக் கவலை என்றால் யார் நம்புவார்கள்?

கிறிஸ்துமஸும் புத்தாண்டும் அவர்கள் இருவருக்கே விட்டுவிட வேண்டும். இரண்டும் அங்கே விடுமுறை. பொங்கல் அங்கே அரசு விடுமுறை இல்லை. ஆனாலும் லிட்டில் இந்தியாவில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வந்துவிடும். வேலைக்குப் போகுமுன் பால் பொங்கினால் போதும். பொங்கல் சீரைப் பணமாக அனுப்பிவிடலாம். நாங்கள் மார்ச்சில் போகிறோம். என் வீட்டுக்காரருக்கு இதில் பாதித் திருப்தி. மீதிப் பாதிக்கு அவர் அங்கே போய் இரவு சஃபாரி பார்க்க வேண்டும்.

மதுரைக்குப் போன் செய்வது என் பொறுப்பு. வந்தே பாரத் டிக்கெட் திறக்கும் நாளை நாள்காட்டியில் குறித்தாயிற்று.

இதே வழியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. திரும்பிப் போகும் பெட்டியில் முறுக்கு, ரவா லாடு, லேகியம், சாம்பார்ப் பொடி எல்லாம் வைக்கலாம். குருமாவுக்கு ஆகும் என்று கசகசாவை மட்டும் வைத்துவிடாதீர்கள். நம் அஞ்சறைப்பெட்டியில் சாதாரணமாகக் கிடக்கும் அது சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் தடுப்புப் பிரிவினர் அதைக் கையாளும் முறையில் மாமியார் சொன்னதால் எடுத்துவந்தேன் என்ற விளக்கத்துக்கு இடமில்லை. குருமாவுக்கு முந்திரியும் தேங்காயும் அரைத்துவிட்டால் போதும்.