மேகாலயக் குகையா, காவிரி வண்டலா: பழைய மழையை எதில் தேடுவது?

சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை நெடுங்காலம் தளர்ந்துபோனது என்பதற்கு மேகாலயாவின் மாவ்ம்லு குகை முக்கியமான சாட்சி. அந்தக் குகைத் தரையில் வளர்ந்த சுண்ணாம்புத் தூணை அளவுகோலாக வைத்துத்தான் 2018-ல் ஒரு புவியியல் காலப்பிரிவுக்கே 'மேகாலயன்' என்று பெயரிட்டார்கள். சிந்துவெளி நகரங்கள் தேயத் தொடங்கியதும் அதையொட்டிய காலத்தில்தான். மயிலாடுதுறை பக்கம் செம்பியன்கண்டியூரில் 2006-ல் வெளிச்சத்துக்கு வந்த கற்கோடரியில் இருப்பவை சிந்துக் குறிகள் என்றார் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன். அந்த வறட்சியையும் இந்தக் கோடரியையும் முடிச்சுப்போட யாருக்கும் ஆசை வரும். அதற்கு முன், காவிரி டெல்டாவின் பழைய மழையைச் சொல்ல எந்தச் சாட்சிக்குத் தகுதி இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

காலக்கணக்கில் குகையை மிஞ்ச ஆளில்லை. யுரேனியம் நீரில் கரையும், தோரியம் அநேகமாகக் கரையாது. அதனால் சொட்டுநீரில் புதிதாகப் படியும் சுண்ணாம்பில் யுரேனியம் இருக்கும், தோரியம் இருக்காது. யுரேனியம் சிதையச் சிதையத் தோரியம் சேரும். இரண்டின் விகிதம்தான் வயது. நல்ல தூண் கிடைத்தால் சில பத்தாண்டுப் பிழைக்குள் சொல்லிவிடலாம். சீனக் குகைத் தூண்களை ஒன்றோடொன்று இணைத்து 6,40,000 ஆண்டுப் பருவமழை வரலாற்றை 2016-ல் வெளியிட்டார்கள். பூமியின் அச்சு தள்ளாடுவதால் வரும், ஏறத்தாழ 23,000 ஆண்டுச் சுழற்சி அதில் அலை அலையாகத் தெரிகிறது. பிரமிக்க வைக்கும் வேலை அது!

மழையின் அளவு என்று வரும்போதுதான் சிக்கல். பலத்த மழைக்காலத்துச் சுண்ணாம்பில் ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் வகை குறைவாக இருக்கும். ஆனால் மேகம் எந்தக் கடலிலிருந்து வந்தது என்பதும் அதே எண்ணில் கலந்திருக்கும். அப்புறம், நம் நிலைமையே வேறு. ஆற்றில் வரும் தண்ணீர் குடகில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை. வயலில் நேராக விழுவது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. மாவ்ம்லு தூண் சொல்வது முதன்மையாகத் தென்மேற்கின் கதை. குறுவைக்கு ஆற்றில் நீர் வந்திருக்குமா என்று அதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம், சம்பாவைக் காப்பாற்றும் மழையைப் பற்றி அதனால் பேச முடியாது. மேகாலயாவில் வறண்டது, ஆகவே தஞ்சையிலும் வறண்டது என்ற வாதத்தை நான் ஏற்கமாட்டேன்.

வண்டலில் இந்த இடக்குழப்பம் கிடையாது. போர் போடும்போது மேலே வரும் களி, மணல், கடல் சிப்பி எல்லாம் இந்த மண்ணின் சொந்தப் பதிவு. மகரந்தத்தை வைத்து அலையாத்திக் காடு எதுவரை இருந்தது என்று சொல்லலாம். குறை, ஆறு தடம் மாறும்; வெள்ளம் ஓர் அடுக்கை அரித்துக்கொண்டு போகும்; மேட்டிலிருந்து வரும் பழைய கரிமம் கலந்து, கரிமச் சிதைவை வைத்துக் கணிக்கும் ரேடியோகார்பன் வயதைக் கூட்டிக் காட்டும். பனியுகத்துக்குப் பின் ஏறிய கடல்மட்டம் நிதானமானபோதுதான் இன்றைய டெல்டாக்கள் உருவாகத் தொடங்கின. ஆகவே மேலடுக்குகள் கடைசிச் சில ஆயிரம் ஆண்டுகளை மட்டுமே தரும். நம் கேள்விக்கு அதுவே போதும்.

நீலகிரிச் சதுப்புகளில் செடிகள் மட்கிச் சேர்ந்த கரிமண்ணை யாரும் அதிகம் பேசுவதில்லை, எனக்கு அது வருத்தம். வறண்ட காலத்தில் ஒருவகைப் புல் பெருகும், ஈரக்காலத்தில் வேறுவகைச் செடிகள். அந்த வேறுபாடு மண்ணிலுள்ள கரிமத்தின் ஐசோடோப்பில், அதாவது கனமான, இலேசான கரிம அணுக்களின் விகிதத்தில், தங்கிவிடும். 1993-ல் வெளியான ஆய்வு இப்படித்தான் சுமார் 20,000 ஆண்டுகளைப் படித்தது. பவானி வழியாகக் காவிரிக்கு நீர் தரும் மலை, இரண்டு பருவமழையும் காணும் மலை. காலத் துல்லியம் குகை அளவுக்கு வராது, சரி.

கல்வெட்டு இந்த வரிசையில் மிக இளையது. ஆனாலும் 1201-ல் பஞ்சத்தில் ஒரு வேளாளர் தன்னையும் இரு மகள்களையும் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றதைத் திருப்பாம்புரம் கல்வெட்டு சொல்கிறது. மழை குறைந்தால் மனிதர் என்ன ஆனார்கள் என்பதை எந்தத் தூணும் இப்படிச் சொல்லாது.

என் தேர்வு: இடத்துக்கு வண்டல், மழைக்கு நீலகிரி, காலத்தைச் சரிபார்க்க மட்டும் குகை. அந்தக் கற்கோடரி வீட்டுக் கொல்லையில் குழி தோண்டும்போது கிடைத்தது. அடுக்கடுக்காக அகழ்ந்து, வயது கணித்து எடுத்ததல்ல. அதை 4,200 ஆண்டு வறட்சியோடு கட்ட நினைப்பவர்கள் முதலில் அந்த ஊர் மண்ணில் ஆழமாகத் துளையிட்டு, அடுக்குகளின் வயதை எடுத்து வரட்டும்.