வடசேரி பழைய புஸ்தகக் கடை: சுப்பராயன் கெடச்சாரு, நாலு பக்கம் கெடைக்கல

நாகர்கோவில்ல மணிமேடைல இருந்து வடசேரிக்கு போற வழில ஒரு சின்ன பழைய புஸ்தகக் கடை, மழ நாள்ல போனா ஒரே பூஞ்சை வாசம், ஆனா சரக்கு இருக்கு பாத்துக்கிடுங்க. மவனுக்கு டிஎன்பிஎஸ்சி கைடு வாங்கத்தான் போனேன், அண்ணாச்சி "மக்ளே இத பாரு"ன்னு ப. சுப்பராயன் பத்தின ஒரு பழைய தொகுப்ப எடுத்து நீட்டிட்டாரு. அறுபது ரூவா.

மனுசன் லேசுப்பட்ட ஆளு இல்ல. திருச்செங்கோடு பக்கம் குமாரமங்கலம் ஜமீன், ஆக்ஸ்போர்டு படிப்பு, 1926ல இருந்து 1930 வரைக்கும் மெட்ராஸ் மாகாணத்துக்கு முதல் மந்திரி, அதுவும் எந்த கட்சியிலயும் சேராம சுயேச்சையா, பொறவு காங்கிரஸ்ல சேந்து 1937ல ராஜாஜி மந்திரிசபைல சட்டமும் கல்வியும் பாத்தாரு. எனக்கு ஆச்சரியம் என்னன்னா அடுத்ததுதான்: 1949ல இந்தோனேசியாவுக்கு தூதரா போறாரு, டச்சுக்காரன் அந்த நாட்ட விட்டுட்டு போன அதே வருசம்! 1951 வரைக்கும் அங்க. மாகாண அரசியல்ல ஊறுன ஆளு புதுசா பொறந்த நாட்டுல போய் நம்ம நாட்டுக்காக பேசுறதுன்னா சும்மாவா. கடைசில மகாராஷ்டிரா கவர்னர், 1962ல அந்த பதவியில இருக்கும்போதே போய்ட்டாரு. மூத்த மவன் ராணுவத் தளபதியானவரு, அது தனிக் கத.

குறை என்னன்னா சரியா அந்த ஜகார்த்தா பகுதியிலதான் நாலு பக்கம் இல்ல, கரையான் வேற. போய் கேட்டேன், சிரிச்சிக்கிட்டே இருபது ரூவா திருப்பித் தந்தாரு. ஜிபே கெடையாது, சில்லறையோட போங்க, வாங்குறதுக்கு முன்னாடி பக்கத்த எண்ணிப் பாத்துக்கிடுங்க. மூணரை ஸ்டார்.