டெஸ்க்டாப்பை ஒழுங்குபடுத்தும் மென்பொருள் எங்கள் கோப்புகளை எடுத்துப் பூட்டியது: திருப்பூரிலிருந்து ஓர் எச்சரிக்கை

கணினித் திரையில் இறைந்து கிடக்கும் கோப்புகளை ஒரே சொடுக்கில் அடுக்கித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களில் ஒருவகை, கோப்புகளை அவை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் திரையில் மட்டும் வரிசைப்படுத்திக் காட்டுகிறது. இன்னொருவகை, கோப்புகளையே எடுத்துத் தனக்குச் சொந்தமான ஓர் இடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டாம் வகையில் ஒன்றை எங்கள் எம்ப்ராய்டரி யூனிட்டின் கணினியில் நிறுவியதால் ஏற்பட்ட இழப்பைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்களைப் போலவே அலுவலகத்தில் ஒரே கணினியை வைத்துக்கொண்டு ஜாப் ஒர்க், அதாவது பிறர் தரும் துணியில் கூலிக்கு வேலை செய்பவர்கள் திருப்பூரிலும், ஈரோட்டிலும், கரூரிலும் ஏராளமாக இருப்பதால், அவர்களுக்கு இது உடனே தெரிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

நாங்கள் பனியன் துணிகளுக்குக் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி செய்துகொடுக்கிறோம். பார்ட்டி, அதாவது ஆர்டர் தருபவர், அனுப்பும் படத்தையும் அளவுத் தாளையும் வைத்து, பஞ்சிங் (படத்தைத் தையல் கோப்பாக மாற்றும் வேலை) செய்யும் எங்கள் ஊழியரான தம்பி டிசைனை உருவாக்குவார். திருத்தக்கூடிய மூல வடிவம் இஎம்பி கோப்பாக இருக்கும். அதிலிருந்து இயந்திரத்துக்கான டிஎஸ்டி கோப்பை எடுத்துப் பென்டிரைவில் மெஷினுக்குக் கொண்டுபோவோம். டிஎஸ்டி கோப்பில் ஊசி எங்கே இறங்க வேண்டும், எங்கே நூல் மாற வேண்டும் என்பது மட்டுமே இருக்கும். எந்த நிற நூல் என்பதுகூட இருக்காது. ஆகவே படம், அளவுத் தாள், இஎம்பி, டிஎஸ்டி ஆகிய நான்கும் ஓர் ஆர்டரின் ஃபோல்டருக்குள் சேர்ந்தே இருக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்களின் ஃபோல்டர்களை டெஸ்க்டாப்பில் வைத்திருந்தோம். இரவு ஷிஃப்டில் வரும் ஆப்பரேட்டர் தேடாமல் எடுப்பதற்கு அதுவே வசதியாக இருந்தது.

கணினி மெதுவாக இயங்குகிறது என்று சர்வீஸ் கடைக்குச் சொன்னபோது வந்த இளைஞர், திரையைப் பார்த்ததும், "அக்கா, டெஸ்க்டாப்புல இத்தனை ஐகான் கெடந்தா சிஸ்டம் ஸ்லோவாத்தானுங்க இருக்கும்" என்றார். இது உண்மையல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டாப் என்பது பயனர் கணக்கின் கீழ் இருக்கும் மற்றொரு ஃபோல்டர்தான். அங்கே இருப்பதால் ஒரு கோப்பு கூடுதல் இடத்தை எடுத்துக்கொள்வதில்லை, திறக்காதவரை நினைவகத்தையும் நிரப்புவதில்லை. கணினி தொடங்கும்போதே தானாக எழுந்துகொள்ளும் மென்பொருள்களும், போதாத ரேமும், பழைய ஹார்டு டிஸ்க்கும்தான் பெரும்பாலும் காரணம். அவர் நிறுவிய மென்பொருளே அப்படித் தொடக்கத்தில் எழுந்துகொள்ளும் ஒன்றாக இருந்தது என்பதைப் பின்னால் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பட்டியலில் பார்த்தோம்.

மென்பொருள் இலவசம் என்று சொன்னார். நிறுவி முடித்தபின், ஒரு ரூபாய் சரிபார்ப்புக்காக மட்டும் என்று சொல்லி என் கணவரின் கைப்பேசியில் ஒரு கியூஆர் குறியை ஸ்கேன் செய்யச் சொன்னார். அது சரிபார்ப்பு அல்ல. சோதனைக் காலம் முடிந்ததும் ஆண்டுச் சந்தாவைத் தானாகப் பிடித்துக்கொள்வதற்கான யூபிஐ ஆட்டோபே அனுமதி. சர்வீஸுக்கான தொகையைப் பெற்றுக்கொண்டு, பில் கொடுக்காமலே போய்விட்டார்.

அந்த மென்பொருள் செய்த முதல் கேடு, ஆர்டர்வாரியாக இருந்த ஃபோல்டர்களைப் பிரித்து, கோப்பின் வகையைப் பார்த்து அடுக்கியது. படங்கள் எல்லாம் ஒரு பெட்டியிலும், பிடிஎஃப் எல்லாம் இன்னொரு பெட்டியிலும் போயின. டிஎஸ்டியும் இஎம்பியும் அதற்குத் தெரியாத வகைகள் என்பதால் அவை அனைத்தும் 'மற்றவை' என்ற பெட்டியில் ஒன்றாகக் கொட்டப்பட்டன. எங்கள் தொழிலில் ஒவ்வோர் ஆர்டரிலும் செஸ்ட், பேக், ஸ்லீவ் என்றே கோப்புகளுக்குப் பெயர் வைப்பது வழக்கம். ஃபோல்டர் வேறு என்பதால் குழப்பம் வராது. எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்ததும், ஒரே பெயருள்ளவற்றுக்கு மென்பொருள் தானே ஒன்று, இரண்டு என்று எண்களைச் சேர்த்துவிட்டது. எந்த எண் எந்தப் பார்ட்டிக்கு உரியது என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை.

அன்றிரவே ஆப்பரேட்டர் எடுத்தது, பார்ட்டி திருத்தச் சொல்வதற்கு முந்திய பழைய செஸ்ட் டிசைன். எழுத்தின் உயரத்தில் மட்டுமே வேறுபாடு என்பதால் மெஷினின் சிறிய திரையில் அது தெரியவில்லை. காலையில் சாம்பிளோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது; அதற்குள் வெட்டிக் கொடுத்திருந்த துணித் துண்டுகளில் (பேனல்கள்) பெரும்பகுதி தைக்கப்பட்டுவிட்டது. நெய்த துணியாக இருந்தால் சில சமயம் தையலைப் பிரித்துச் சமாளிக்கலாம். சிங்கிள் ஜெர்சி போன்ற மெல்லிய பின்னல் துணியில் பிரித்த இடத்தில் ஊசித் துளைகள் நின்றுவிடும், இழை அறுந்தால் ஓட்டையாகவே விரியும். பார்ட்டி துணி, சாயம், கட்டிங் ஆகியவற்றின் செலவையும் சேர்த்து எங்களுக்கு டெபிட் போட்டார்கள். ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று பைசாக் கணக்கில் கூலி வாங்கும் ஒரு யூனிட்டுக்கு, துணியின் விலையையும் தன் கையிலிருந்து கட்டுவது என்றால் என்ன என்பதைத் திருப்பூரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பார்ட்டி மீது எனக்குக் குறையில்லை. அவர்களுக்கும் கப்பல் தேதி இருக்கிறது.

கோப்புகளை மீண்டும் பிரித்தெடுக்க எங்களுக்கு உதவியது டிஎஸ்டி கோப்பின் தலைப்பகுதிதான். அதில் மொத்தத் தையல்களின் எண்ணிக்கையும், நிறமாற்றங்களின் எண்ணிக்கையும், டிசைனின் அகல உயர அளவும் பதிவாகியிருக்கும். அப்ரூவல் சாம்பிளோடு நாங்கள் அனுப்பும் டெலிவரி சலானில் தையல் எண்ணிக்கையை எழுதிவைக்கும் பழக்கம் எங்கள் பஞ்சிங் தம்பிக்கு உண்டு. அந்தச் சலான்களை எடுத்து, ஒவ்வொரு கோப்பின் எண்ணிக்கையோடும் ஒப்பிட்டு, கடைசியாகத் திருத்திய தேதியையும் பார்த்து, அவர் பொறுமையாக மீட்டார். எம்ப்ராய்டரி யூனிட் வைத்திருப்பவர்கள் இந்த ஒரு பழக்கத்தை இன்றே தொடங்கிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாம் கேடு, சோதனைக் காலம் முடிந்ததும் வந்தது. கணக்கில் சந்தாவுக்குப் போதிய பணம் இல்லாததால் ஆட்டோபே நிறைவேறவில்லை. மறுநாள் கணினியைத் திறந்தால் டெஸ்க்டாப் வெறுமையாக இருந்தது. மென்பொருளின் பெட்டிகள் எல்லாம் மங்கிப்போய், உங்கள் கோப்புகள் பாதுகாப்பாக இருக்கின்றன, தொடர்ந்து பயன்படுத்தச் சந்தாவைப் புதுப்பியுங்கள் என்ற வாசகமும், மீதி நேரம் குறைந்துகொண்டே வருவதைக் காட்டும் ஒரு கடிகாரமும் மட்டும் இருந்தன. கடையைக் கூட்டித் தருகிறேன் என்று வந்தவர் சரக்கை எல்லாம் தன் குடோனுக்கு ஏற்றிக்கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு, பிறகு சாவிக்கு வாடகை கேட்பதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடும் இல்லை. சர்வீஸ் கடைக்குப் போன் செய்தால், "நாங்க போட்டுத்தானுங்க குடுத்தோம், கம்பெனிக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க" என்ற பதில்தான் கிடைத்தது.

கோவையில் ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் என் தம்பி வந்து பார்த்தபோது, கோப்புகள் அழியவில்லை என்பது தெரிந்தது. பயனர் கணக்கின் ஆப் டேட்டா ஃபோல்டருக்குள், இயக்க முறைமையின் கோப்புகளைப் போலவே மறைத்துவைக்கும் குறியோடு அவை வைக்கப்பட்டிருந்தன. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மறைந்தவற்றைக் காட்டும் தேர்வை இட்டாலும் இப்படிப்பட்டவை தெரியா. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் தேர்வையும் நீக்க வேண்டும். நீக்கியதும் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. பூட்டு என்று அவர்கள் காட்டியது வெறும் மறைப்புதான்.

இதைவிடக் கொடியது அன்இன்ஸ்டால் திரையில் இருந்தது. பயனர் தரவையும் சேர்த்து நீக்குக என்ற கட்டத்தில் அவர்களே முன்கூட்டி டிக் போட்டு வைத்திருந்தார்கள். பயனர் தரவு என்று அவர்கள் சொல்வது அந்த மறைந்த ஃபோல்டரை, அதாவது நம்முடைய கோப்புகளை. கோபத்தில் அப்படியே நீக்கியிருந்தால் மொத்தமும் போயிருக்கும். எங்களுக்குத் தெரிந்த இன்னொரு ஜாப் ஒர்க் யூனிட்டில் அதுதான் நடந்தது. ரீசைக்கிள் பின்னில் ஒன்றும் இல்லை. எஸ்எஸ்டி வட்டுகளில், அழித்த கோப்புகளின் இடத்தை விண்டோஸ் உடனுக்குடன் காலி என்று வட்டுக்குத் தெரிவித்துவிடுவதால், மீட்பு மென்பொருள்களாலும் பெரும்பாலும் திரும்ப எடுக்க முடிவதில்லை.

இவர்கள் செய்தது சட்டத்துக்குத் தெரியாத புதிய தந்திரம் அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகை உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. போலி அவசரத்தை உண்டாக்குவதும், சந்தாவில் சிக்கவைத்து வெளியேற விடாமல் செய்வதும் அவற்றில் உள்ளவை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்திருக்கிறோம். ஒரு கடைக்காரர் எங்களிடம், தொழிலுக்காக வாங்கியதற்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்றார். 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை விலக்குவது உண்மைதான். ஆனால் சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்காகவே வாங்குபவரை அதே சட்டம் நுகர்வோராக ஏற்கிறது. சிறிய யூனிட்டுகள் அந்தச் சொல்லைக் கேட்டுப் பின்வாங்க வேண்டாம். புகாருக்கு எங்கள் கையில் பில் இல்லாததுதான் பெரிய தடையாக இருக்கிறது. சர்வீஸுக்கு வருபவரிடம் அறுநூறு ரூபாயாக இருந்தாலும் பில் கேளுங்கள், அதில் என்ன மென்பொருளை நிறுவினார் என்று எழுதச் சொல்லுங்கள். புகார் நிலுவையில் இருப்பதால் அவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை.

இப்படிப்பட்ட மென்பொருள் அனைத்தும் தீயவை என்று நான் சொல்லவில்லை. விண்டோஸ் எக்ஸ்பியிலேயே, பயன்படுத்தாத குறுக்குவழி ஐகான்களை 60 நாளுக்கு ஒருமுறை ஒரு ஃபோல்டரில் ஒதுக்கிவைக்கும் வசதி இருந்தது. அது உண்மையான கோப்புகளைத் தொடாது. 2009-இல் வெளிவந்த ஃபென்சஸ் என்ற மென்பொருள் திரையில் வேலியிட்டது போன்ற பகுதிகளை வரைந்து ஐகான்களைக் குழுவாகக் காட்டுகிறது. கோப்புகள் டெஸ்க்டாப் ஃபோல்டரிலேயே இருக்கும். மேக் கணினியில் 2018 முதல் உள்ள ஸ்டாக்ஸ் வசதியும் அப்படித்தான். எங்கள் யூனிட்டில் இப்போது எந்த மென்பொருளும் இல்லை. டி டிரைவில் பார்ட்டிவாரியாக ஃபோல்டர்கள், டெஸ்க்டாப்பில் அவற்றுக்கான குறுக்குவழிகள் மட்டும். ஆப்பரேட்டருக்கு அதே வசதி கிடைக்கிறது. தவறி ஒரு குறுக்குவழியை அழித்தாலும் கோப்புக்கு ஒன்றும் ஆகாது.

யாராவது ஏற்கெனவே இப்படி ஒன்றை நிறுவியிருந்தால், ஒரு சோதனைக் கோப்பை டெஸ்க்டாப்பில் உருவாக்கி, மென்பொருளை அடுக்கச் செய்து, பின் எக்ஸ்ப்ளோரர் வழியாக டெஸ்க்டாப் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். கோப்பு அங்கேயே இருந்தால் பயமில்லை. இல்லாவிட்டால், எதையும் அன்இன்ஸ்டால் செய்யாமல், மேலே சொன்ன இரண்டு தேர்வுகளையும் மாற்றி அந்த மறைந்த ஃபோல்டரைக் கண்டுபிடித்து, அதை முழுவதும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுத்து, நகலிலிருந்து சில கோப்புகளைத் திறந்து சரிபாருங்கள். யூபிஐ செயலியில் ஆட்டோபே பட்டியலுக்குப் போய் அனுமதியை ரத்து செய்யுங்கள். அதற்குப் பிறகு, அந்த டிக்கை எடுத்துவிட்டு, மென்பொருளை நீக்குங்கள்.