2⁶⁷ − 1 ஐ உடைக்க எந்த வழி?

147573952589676412927. மொத்தம் 21 இலக்கம். இதுதான் 2⁶⁷ − 1. 1644ல் கணித அறிஞர் மெர்சென் இதைப் பகா எண்கள் பட்டியலில் சேர்த்துவிட்டார். நிஜமாகவே பகா எண்ணான 2⁶¹ − 1 அதில் விட்டுப்போனது. (ராமநாதபுரம் கரையில் 61 என்றால் மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாள். மண்டபம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தான் அந்த எண்ணைப் பதிய வைக்கிறேன்.) 1876ல் லூக்காஸ் என்ற கணித அறிஞர், காரணி ஒன்றும் கைக்குக் கிடைக்காமலே, 2⁶⁷ − 1 பகு எண் என்று நிறுவினார். 193707721 × 761838257287 என்று கோல் என்ற கணிதப் பேராசிரியர் காரணிகளாக உடைத்துக் காட்டியது 1903ல்.

"சார், நம்ம லேப்டாப்ல இதை உடைக்க எது நல்ல வழி?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நாலைந்து வழி இருக்கிறது, எல்லாம் ஒரே தரமில்லை.

2, 3, 5, 7 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்ப்பது முதல் வழி. சின்னக் காரணியை அடையவே ஒரு கோடிக்கு மேல் பகா எண்களைத் தாண்ட வேண்டும். ஃபெர்மாவின் வர்க்க வித்தியாச முறை இங்கே அதைவிட மோசம். இரண்டு காரணிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் அது ஓடும். இங்கே ஒன்று 9 இலக்கம், மற்றது 12. படிகள் 36 ஆயிரம் கோடியைத் தாண்டிவிடும், அதை விட்டுவிடலாம்.

எண்ணின் அமைப்பைப் பயன்படுத்தினால் கதையே வேறு. 2⁶⁷ − 1 இன் எந்தப் பகாக் காரணியும் 134k + 1 என்ற வடிவில்தான் இருக்கும் (k ஒரு முழு எண்). 8 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 தான் வரும். நம் காரணிக்கு k = 1445580. மீதி விதியால் பாதி கழிந்துபோக, 722790 எண்களைச் சோதித்தால் போதும். கோடி லட்சமாகச் சுருங்குகிறது.

1975ல் போலார்ட் தந்த ரோ முறைக்கு அமைப்பு எதுவும் தெரிய வேண்டியதில்லை. காரணியின் வர்க்கமூலம் அளவுக்குப் படிகள் எடுக்கும். இங்கே 14 ஆயிரத்தை ஒட்டி, அதிர்ஷ்டத்தைப் பொறுத்து முன்பின். முன்பின் தெரியாத எண் கைக்கு வந்தால் நான் முதலில் ஓடவிடுவது இதைத்தான்.

ஆனால் இந்த எண்ணுக்கு என் ஓட்டு அவருடைய இன்னொரு முறைக்கு, 1974ல் வந்த p − 1 முறைக்கு (p என்பது நாம் தேடும் பகாக் காரணி). காரணியிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள்: 193707720 = 2³ × 3³ × 5 × 67 × 2677. எல்லாம் சின்னச் சின்னப் பகா எண்கள். வரம்பை 3000 என்று வைத்து, 1 முதல் 3000 வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கை ஓர் அடிமான எண்ணின் மேல் அடுக்காக ஏற்றி, ஒன்றைக் கழித்து, மூல எண்ணோடு மீப்பெரு பொது வகுத்தி எடுத்தால் காரணி வந்து விழும். நாலாயிரத்துச் சொச்சம் முறை வர்க்கப்படுத்தினால் வேலை முடிந்தது.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். அடிமானமாக 2 ஐ எடுக்காதீர்கள். 2⁶⁷ ஐ இந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருவதால், முழு எண்ணே திரும்பி வரும். 3 ஐ எடுங்கள். அப்புறம், வரம்பைப் பத்தாயிரமாக உயர்த்தினாலும் கெட்டுப்போகும். மற்ற காரணியில் ஒன்றைக் கழித்தால் 2 × 3² × 29 × 67 × 2551 × 8539. 8539 ஐத் தாண்டிய வரம்பில் இரண்டு காரணிகளும் ஒன்றாக மாட்டிக்கொள்ளும். வலைக் கண் அளவு மாதிரிதான், பார்த்து வைக்க வேண்டும்.

லேப்டாப் இல்லாத பிள்ளைகள் 2⁵⁹ − 1 ஐ எடுக்கலாம். அங்கே 118k + 1 வடிவமே ஜெயிக்கிறது. சோதிக்க வேண்டியவை 763. 3, 5, 7 இன் மடங்குகளை நீக்கினால் 350 அளவுக்குத்தான் மிஞ்சும். ஒவ்வொன்றுக்கும் 2⁵⁹ இன் மீதியை மட்டும் கண்டால் போதும், கடைக் கால்குலேட்டரின் 12 இலக்கத்துக்குள் கணக்கு அடங்கிவிடும். வகுப்பே பிரித்துக்கொண்டு போட்டால் ஒரே மாலையில் 179951 கிடைத்துவிடும்.