கராஜ் கதவுச் சத்தம்: மோட்டாரை மாற்றுவதற்கு முன்

மிச்சிகனில் டெட்ராய்ட் புறநகர்ப் பகுதியில் இருக்கிறோம். இங்கே பல வீடுகளில் கராஜ் வீட்டோடு ஒட்டியிருக்கும், அதற்கு நேர் மேலே ஒரு படுக்கையறையும் இருக்கும். எங்கள் வீடும் அப்படித்தான். விடியற்காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது பொத்தானை அழுத்தினால் மாடியில் இருப்பவருக்குத் தூக்கம் போச்சு. ஊரிலிருந்து வந்து அந்த அறையில் தங்கியிருந்த அம்மா, "லாரியில இருந்து கம்பி இறக்குற மாதிரி இருக்குடா" என்றார்.

வீட்டோடு வந்தது சங்கிலியால் கதவை இழுக்கும் செயின் மோட்டார், 16 அடி அகல இரும்புக் கதவு, கதவோரத் தண்டவாளத்தில் உருளும் இரும்பு ரோலர்கள். யாரைக் கேட்டாலும் "பெல்ட் மோட்டார் வாங்கு" என்றுதான் சொல்வார்கள். நானும் பிற்பாடு வாங்கினேன். ஆனால் அதற்கு முன்பே பாதிக்கு மேல் சத்தம் போய்விட்டது.

முதலில் ஒரு சோதனை. கதவு மூடியிருக்கும்போது மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தால் மோட்டாருக்கும் கதவுக்கும் தொடர்பு விட்டுவிடும். இப்போது கதவைக் கையால் தூக்கிப் பாருங்கள். அப்போதும் கேட்கிற கடகடப்பு முழுக்கக் கதவுடையது, எந்த மோட்டார் வாங்கினாலும் அது போகாது. பாதி உயரத்தில் மெதுவாகக் கையை விட்டுப் பார்த்தால் இன்னொன்றும் தெரிந்துவிடும். கதவு அங்கேயே நிற்க வேண்டும். கீழே இறங்கினால் கதவின் எடையைச் சுமக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, மோட்டார் முக்கி முனகித்தான் தூக்குகிறது என்று அர்த்தம். சாதாரண ஸ்பிரிங் சுமார் 10,000 முறை திறந்து மூடத்தான் செய்யப்பட்டது. தினமும் நான்கு முறை என்றால் ஏழு வருஷம்கூட வராது. ஸ்பிரிங்கில் மட்டும் கை வைக்காதீர்கள். முறுக்கிய நிலையில் இருக்கும் அது கையை உடைத்துவிடும். அதற்கு ஆள் கூப்பிடுவதுதான் சரி.

கொடுத்த காசுக்கு அதிகப் பலன் தந்தது ரோலர்தான். இரும்பை எடுத்துவிட்டு, மூடிய பேரிங் உள்ள நைலான் ரோலர் போட்டேன். பேரிங்கே இல்லாத வெறும் பிளாஸ்டிக் ரோலரும் கடையில் கிடைக்கும், மலிவு என்று வாங்கினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். கதவின் அடிமூலையில் இருக்கும் இரண்டு ரோலர்களை நான் தொடவில்லை. கதவைத் தூக்கும் கம்பிவடம் அவற்றைப் பிடித்திருக்கும் பிராக்கெட்டில்தான் மாட்டியிருக்கிறது, அதிலும் ஸ்பிரிங்கின் முழு இழுவிசை உண்டு. ஸ்பிரிங் மாற்ற வந்தவரிடமே அந்த இரண்டையும் கொடுத்து மாற்றச் சொன்னேன்.

எண்ணெய் விஷயத்தில் பலரும் எடுப்பது வழக்கமான நீல டப்பா டபிள்யூடி-40. அழுக்கையும் துருவையும் கழற்ற அது நல்லது. ஆனால் மசகாக நீடிக்காது, சில வாரத்தில் கிறீச் திரும்பிவிடும். கராஜ் கதவுக்கென்றே விற்கும் சிலிகான் அல்லது லித்தியம் ஸ்பிரே போதும். கீல்கள், ஸ்பிரிங் சுருள், அதன் தண்டின் இரு ஓரத்து பேரிங்குகளுக்கு அடித்தால் போதும். தண்டவாளத்துக்கு வேண்டாம், துணியால் துடைத்தாலே போதும். அங்கே கிரீஸ் பூசினால் தூசு ஒட்டிப் பசையாகிவிடும். இங்கத்திய குளிரில் கெட்டியான கிரீஸ் இறுகிப்போகிறது, அதனால் நான் சிலிகானோடு நின்றுவிட்டேன். பனிக்காலத்துக்கு முன் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை. அப்படியே கீல் திருகுகளையும் முடுக்கிவிடுவேன்.

அப்புறம் ரப்பர். மோட்டார் தொங்குவது துளையிட்ட இரும்புப் பட்டையில், அந்தப் பட்டை இருப்பது மேல்தளத்தைத் தாங்கும் மரச்சட்டத்தில். அதிர்வு நேரே கட்டிலுக்குப் போகிறது. இடையில் தடித்த ரப்பர் பேட் வைத்தேன். போல்ட்டின் தலைக்கு அடியிலும் ரப்பர் வாஷர் வேண்டும், இல்லையென்றால் அதிர்வு போல்ட் வழியாகவே ஏறிவிடும். கராஜுக்குள் நின்று கேட்டால் வித்தியாசமே தெரியாது. மாடிக்குப் போய்க் கேட்க வேண்டும்.

இதெல்லாம் செய்த பிறகும் கிளம்பும்போதும் நிற்கும்போதும் வரும் "டங்" மட்டும் மிச்சமிருந்தது. பழைய மோட்டார் மக்கர் செய்யத் தொடங்கிய சமயம் டிசி (நேர் மின்சாரம்) வகை பெல்ட் மோட்டார் வாங்கினேன். மெல்லக் கிளம்பி மெல்ல நிற்கிறது, அந்த டங் போயே போச்சு. சில குளிர்காலங்களைப் பார்த்தாயிற்று, பெல்ட்டில் குறையில்லை. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டி ஸ்பிரிங் தண்டையே சுழற்றும் வகையும் உண்டு. கூரையில் ஒன்றும் தொங்காது என்பதால் மாடி அறைக்கு அதுதான் இன்னும் நல்லது. விலையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

எதைக் கழற்றி மாட்டினாலும் பாதுகாப்புச் சோதனையை விடக்கூடாது. அமெரிக்காவில் 1993 முதல் வீட்டுக் கராஜ் கதவு மோட்டார்களுக்கு ஆள் சிக்காமல் தடுக்கும் ஏற்பாடு கட்டாயம், தரையோரம் இருக்கும் இரண்டு சென்சார் கண்கள் அதற்குத்தான். 2x4 எனப்படும் ஒரு மரக்கட்டையை வாசலில் படுக்கப் போட்டுக் கதவை இறக்குங்கள். தொட்டதும் மேலே திரும்ப வேண்டும்.

தீராத ஒரு தொல்லை, அடி ரப்பர் தரையோடு உறைந்து காலையில் படாரென்று பிய்ந்து வருவது. சிலிகான் தடவினால் குறைகிறது, உறைமழை பெய்த மறுநாள் அதுவும் பலிப்பதில்லை. கதவின் உட்புறம் ஒட்டும் ஃபோம் அட்டைகள் குளிருக்கு வேண்டுமானால் உதவும், இந்தச் சத்தத்துக்கு அவற்றை நம்பி வாங்க வேண்டாம்.